ரெங்கம்மா கூப்பிட்ட பெரட்டு

இருபத்திரண்டாவது அறையின் குடம் நிறைந்ததும் டேங்கரில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. டிரைவர் குழாயைத் தூக்கி உதறிக் காட்டினார். இரண்டு சொட்டு விழுந்தது. வரிசையில் இன்னும் ஒன்பது அறைக்காரர்கள் நின்றார்கள்.

2011 பிப்ரவரி. போர்ட் பிளேரின் ஜங்லிகாட்டில், மீன் துறைக்கு மேலே உள்ள சரிவில் தகரம் அடித்த முப்பத்தொரு அறைகள் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. எல்லாம் கான்ட்ராக்டர் பக்தவத்சலத்தின் வாடகை அறைகள். அடிவாரத்தில் ஒரு பொதுக்குழாய் உண்டு. ஜனவரி பிறந்தால் அது காற்றை மட்டும் விடும். அதன்பின் மழை வரும்வரை மூன்று நாளைக்கு ஒருமுறை வரும் டேங்கரே கதி.

ஆறாவது அறையில் குடியிருந்த ரெங்கம்மா தன் இரண்டு டிரம்மையும் நிரப்பிக்கொண்டு திரும்பினாள். ஐம்பத்திரண்டு வயது. துறையருகே ஐஸ் கட்டி செய்யும் ஆலையில் தினக்கூலி. இருபத்தொன்பதாவது அறை ருக்கு காலிக் குடத்தோடு வழியை மறித்து நின்றாள். பரமக்குடிப் பக்கத்துப் பெண். இடுப்பில் பத்து மாதக் குழந்தை, மூன்று நாளாக வயிற்றுப்போக்கில் துவண்டு கிடந்தது. தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி நிறையக் கொடுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர்.

"ஒரு குடம் எடுத்துக்க," என்றாள் ரெங்கம்மா.

"எடுத்துக்கிறேன்க்கா. ஆனா ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீக. ஒங்க ரூம்ல எத்தன பேரு?"

"அஞ்சு பேரு. ஒனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். கணக்கெடுக்க வந்தவுககிட்ட ஒரே ஆளுன்னு சொன்னீகளாமே. மத்த நாலு பேரும் யாரு தண்ணியக் குடிக்கிறாக?"

ரெங்கம்மா டிரம்மின் மூடியைத் திறந்துவிட்டாள். ருக்கு குடத்தை நிரப்பிக்கொண்டு மேலே ஏறிப் போனாள்.

ருக்கு சொன்னது உண்மை. ஜனவரியில் ஒரு நாள் காலை பதினொரு மணிக்குத் தண்ணீர் ஆபீஸிலிருந்து இரண்டு பேர் ரிஜிஸ்டரோடு வந்திருந்தார்கள். தலைக்கு இருபது லிட்டர் வீதம் டேங்கர் ஒதுக்குவதற்கான கணக்கு. வேலைக்குப் போகிற சனம் வேலைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து வந்த கணக்கு அது. போதாததற்கு, முந்தின சாயங்காலமே பக்தவத்சலம் கதவு கதவாகத் தட்டி எச்சரித்துவிட்டுப் போயிருந்தார். யார் கேட்டாலும் அறைக்கு இரண்டு, மூன்று பேர் என்றுதான் சொல்ல வேண்டும். அதிகம் சொன்னால் தீவுவாசி என்று காட்டும் தீவு அட்டை இருக்கிறதா என்று கேட்பார்கள், இல்லாதவர்களை அடுத்த கப்பலில் மெயின்லேண்டுக்கு ஏற்றிவிடுவார்கள்.

அப்படி ஏற்றியதை ஒருவரும் பார்த்ததில்லை. ஆனால் ஏழையைப் பயமுறுத்த ஆதாரம் எதற்கு? கதவைத் தட்டுகிறவன் வாடகைக்கு விட்டவன் என்பதே போதும். பக்தவத்சலத்தின் பயம் வேறு. நகராட்சிப் புத்தகத்தில் அவருக்கு ஒன்பது அறைகள்தான் இருந்தன.

ரிஜிஸ்டரில் எழுபத்து நான்கு பேர் பதிவானார்கள். மூன்று நாளைக்கு ஒருமுறை நாலாயிரத்து ஐந்நூறு லிட்டர் டேங்கர் ஒன்று ஒதுக்கப்பட்டது. கணக்குக்குச் சரியான தண்ணீர்தான். கணக்குத்தான் பொய்.

இந்தப் பொய்யை ரெங்கம்மா சொன்னதுதான் வேதனை. தலைகளை எண்ணுகிற காரியம் என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரிந்த அளவு அந்தச் சரிவில் வேறு யாருக்கும் தெரியாது.

அவள் பிறந்தது இலங்கையில், மலையகத்து ரப்பர் தோட்டமொன்றின் லயத்தில். லயம் என்றால் வரிசை வீடுகள்; ஒரு சுவருக்கு இரண்டு குடும்பம். அவளுக்கு ஐந்து வயதாக இருந்தபோது இரண்டு நாட்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து தோட்டத்து மக்களைப் பங்கு போட்டுக்கொண்டன. ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் அங்கேயே, மிச்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மூட்டையைக்கூட எடை பார்த்துத்தான் பிரிப்பார்கள். பதினைந்து வயதில் அவள் கப்பலேறினாள். நிக்கோபாரின் கச்சால் தீவில் மறுபடி ரப்பர், மறுபடி லயம். விடியுமுன் மரத்தைக் கீறிப் பால் எடுத்தாள். பெரியதம்பியைக் கட்டினாள். ஒரே மகள் ராஜகுமாரியோடு நிறுத்திக்கொண்டாள். 'ஆண்பிள்ளை வேண்டாமா' என்று கேட்டவர்களிடம், இருக்கிற ஒரு பிள்ளையைப் படிக்கவைக்க முடிகிறதா பார்க்கிறேன் என்றாள். பட்டதாரிகள் சிலருக்கே வராத நிதானம் அது.

2004 டிசம்பர் இருபத்தாறு, ஞாயிற்றுக்கிழமை. பெரியதம்பி கப்பல் அணையும் ஜெட்டியில் சரக்கு இறக்கப் போயிருந்தார். அது அவருடைய முறையே அல்ல. ஊருக்குப் போயிருந்த இன்னொருவனுக்குப் பதிலாள். கூலிக்காரர்களுக்குள் இது சகஜம். ஆள் மாறும், பட்டியலில் பேர் மாறாது. கடல் வந்து ஜெட்டியை எடுத்துக்கொண்டு போனது. இறந்தவர் பட்டியலில் ஊருக்குப் போனவனின் பேர் ஏறியது. அவன் இரண்டு வாரம் கழித்து உயிரோடு வந்து தன் சாவை மறுத்துக் கையெழுத்துப் போட்டான். பெரியதம்பி இறந்தார் என்று எழுதவைக்க, மகளோடு போர்ட் பிளேருக்குக் குடிவந்துவிட்ட ரெங்கம்மாவுக்கு இரண்டு வருடமும் நாலு மாதமும் ஆனது. ஒரு குமாஸ்தா அவளிடம் கேட்டார்: "பட்டியல்ல இல்லாத ஆளு எப்படிம்மா செத்திருக்க முடியும்?"

அப்படிப்பட்டவள்தான் ஜனவரியில், மகளையும் மருமகனையும் இரண்டு பேரப்பிள்ளைகளையும் அறைக்குள் வைத்துக்கொண்டு, வாசலில் நின்று "நான் ஒருத்திதான்" என்றாள். பயந்துவிட்டாள். அதை அவள் பிறகு யாரிடமும் மறைக்கவுமில்லை.

ருக்கு கேட்டுவிட்டுப் போன மறுநாள் அவள் ஐஸ் ஆலையில் கணக்குப் போட்டாள். ஒரு ஐஸ் கட்டி ஐம்பது கிலோ. அதாவது ஐம்பது லிட்டர் நல்ல தண்ணீர். சரிவில் குடியிருக்கிற சனம் அத்தனை பேருக்கும் ஒரு நாளைக்குக் கிடைப்பது முப்பது கட்டி. மீனுக்கு அவள் ஒரே காலையில் அதைவிட அதிகம் தள்ளிவிடுகிறாள். அன்று மாலை முப்பத்தொரு அறையிலும் ஏறி இறங்கி எண்ணினாள். நூற்று அறுபத்து மூன்று பேர். தலைக்கு ஒன்பது லிட்டர் சொச்சம். குடிக்க, சமைக்க, கழுவ எல்லாவற்றுக்கும் சேர்த்து.

சனம் பெருகிவிட்டது என்று நகரமே பேசிக்கொண்டிருந்த காலம் அது. பொய்யில்லை. சிறிய ஊருக்காகக் கட்டிய அணையிலிருந்து பெரிய ஊர் குடித்துக்கொண்டிருந்தது. தீவு ரப்பர் அல்ல, இழுத்தால் நீளாது. கப்பலுக்குக் கப்பல் ஆள் வந்தால் ஒருநாள் அணையின் அடிமண் தெரியத்தான் செய்யும். ஆனால் யார் வந்தார்கள், ஏன் வந்தார்கள்? சுனாமியில் போன வீடுகளையும் ஜெட்டிகளையும் திரும்பக் கட்ட நாம் கூப்பிட்டுத்தான் வந்தார்கள். சுவர் எழுப்பும்வரை அவர்கள் தொழிலாளிகள். குடத்தைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றால் ஜனத்தொகைப் பெருக்கம். அதே மாதம் மழை வேண்டி யாகம் நடத்திய பெரிய மனிதர்கள், பந்தலில் புழுதி எழாமலிருக்க ஒரு டேங்கர் தண்ணீரைத் தரையில் தெளித்தார்கள். அவர்களை யாரும் பெருக்கம் என்று சொல்லவில்லை. வருடத்தில் எட்டு மாதம் மழை கொட்டுகிற ஊரில் தெய்வத்திடம் கேட்க என்ன இருக்கிறது? கேட்க வேண்டியது தொட்டிகளையும் நேர்மையான கணக்கையும்தான், அதுவும் ஆபீஸில்.

ரெங்கம்மா முதலில் பக்தவத்சலத்திடம் போனாள். அவர் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அய்யா, தண்ணி பத்தல. திரும்ப எண்ணச் சொல்லிக் கேக்கப்போறேன்."

"யாரக் கேட்டு?"

"ஒங்ககிட்ட சொல்லிட்டுப் போறேன்."

"த பாரும்மா. நீ ஐஸ் தள்ற வேலையப் பாரு. நாளைக்கே அவன் வந்து ரூம எண்ணுவான். அப்புறம் வரி, கக்கூஸு, ப்ளானு எல்லாம் கேப்பான். எல்லாத்தையும் வாடகைல ஏத்தினா ஒத்துக்குவியா?"

"கக்கூஸு கேட்டா நல்லதுதானுங்களே. நூத்தி அறுவத்தி மூணு பேருக்கு ரெண்டு இருக்கு."

"எண்ணியே வச்சிட்டியா நீ?"

"எண்ணிட்டேன்ங்க."

"அப்ப இதையும் எண்ணிக்க. மாசம் முடிய இன்னும் பதினேழு நாளு. அதுக்குள்ள வாயத் தொறந்தேன்னா ரூம காலி பண்ணிட வேண்டியதுதான்."

அவர் ஸ்கூட்டரைக் கிளப்பினார். அவள் நேரே தண்ணீர் ஆபீஸுக்கு நடந்தாள்.

ஜூனியர் இன்ஜினியர் அருண்பிரசாத் டெலானிபூர் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். மதுரையிலிருந்து வந்த சர்க்கார் குமாஸ்தாவின் மகன். கெட்டவர் அல்ல. காலையிலிருந்து அறுபது பேரின் திட்டைக் கேட்டு அலுத்துப்போயிருந்தார்.

"ரிஜிஸ்டர்ல சௌஹத்தர், எழுபத்து நாலு. நீங்களே சொன்னதும்மா. நான் கற்பனையா எழுதினேன்?"

"நாங்க சொன்னது பொய்ங்க, சாப்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்த மேசைக்கு முன்னால் அப்படி ஒரு வாக்கியம் இதுவரை யாரும் சொன்னதில்லை.

"பொய்யா?"

"நானே சொன்னேன். எங்க ரூம்ல அஞ்சு பேரு, ஒண்ணுன்னு சொன்னேன். பயந்துக்கிட்டு."

"மத்லப், அதாவது இன்னைக்கு நூத்தி அறுபதுன்னு சொல்றதை மட்டும் நான் எப்படி நம்பறது? எல்லா பஸ்திலேர்ந்தும் ஆளுங்க வந்து டபுள் சொல்றாங்க. அணையில இருக்கிற பானிதான் இருக்கு. உங்களுக்கு ஒரு டேங்கர் கூட்டினா இன்னொரு இடத்துல அதைக் குறைக்கணும்."

"அது தெரியும் சாப். அதனாலதான் நம்பாதீங்கன்னு சொல்றேன். வந்து பாருங்க. வெள்ளன ஆறு மணிக்கு வாங்க. ஏழுக்கு எல்லாரும் வேலைக்குப் போயிருவாங்க."

"பார்த்ததை மட்டும்தான் எழுதுவேன்."

"அதைத்தான் கேக்குறேன்."

செவ்வாய்க்கிழமை வருவதாகச் சொன்னார். இடையில் மூன்று மாலைகள் இருந்தன.

தோட்டத்தில் விடிகாலையில் கூலிகளை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று பேர். கங்காணி கூப்பிடுவான், துரை பார்ப்பார், வராதவனுக்கு அன்று வேலை இல்லை. காய்ச்சலோடும் நிறைமாத வயிற்றோடும் பெரட்டில் நின்றவள் ரெங்கம்மா. வாழ்க்கையில் அவள் வெறுத்த சொற்களில் அது முதலாவது. இப்போது கதவு கதவாகப் போய் அவளே அந்தச் சொல்லைச் சொன்னாள்.

"செவ்வாக்கெழம ஆறு மணிக்கு ரோட்டுல பெரட்டு. ஆளுக்கு ஒரு பாத்திரம். கைப்புள்ளைக்கும் ஒண்ணு."

"பெரட்டுன்னா என்னாக்கா? பொரட்டா போடுறாகளா?" என்று ஒருத்தி சிரித்தாள்.

"வந்து நில்லு, தெரியும்."

"கப்பல்ல ஏத்திட்டா?"

"நான் ரெண்டு தடவ கப்பல் ஏறினவ. என்னைத்தான் மொதல்ல ஏத்துவான். நீ பின்னால வா."

கடைசி இரண்டு அறைகளில் பன்னிரண்டு கொத்தனார்கள் இருந்தார்கள். அவர்களுக்கு மேஸ்திரி நாகராஜ். அவன் கதவைப் பாதிதான் திறந்தான்.

"நாங்க நாலு மாசத்துல போயிருவோம்க்கா. எங்கள எதுக்கு இழுக்குற?"

"நாலு மாசமும் தண்ணி குடிக்க மாட்டியா?"

"ஓனரு சொல்லிட்டாரு. வந்தா கையில இருக்கிற வேலையும் போயிரும். அவரு சைட்லதான் நாங்க பூசுறோம்."

அவன் பயம் நியாயமானது. வேலையும் வீடும் ஒரே ஆள் கையில் இருந்தால் மனிதனின் நாக்கும் அவன் கையில்தான்.

செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு அருண்பிரசாத் மோட்டார் சைக்கிளில் வந்தார். சாலையோரம் முழுக்க வரிசை நின்றது. குடம், வாளி, பெயிண்ட் டப்பா, எண்ணெய் டின். அறை எண் வாரியாக நிறுத்தியிருந்தாள் ரெங்கம்மா. ருக்கு ஒரு கையில் குடமும், குழந்தைக்காக ஒரு டம்ளரும் வைத்திருந்தாள். குழந்தை தேறியிருந்தது, டம்ளரைப் பிடுங்கப் பார்த்துக்கொண்டிருந்தது. கீழே துறைக்குப் போகிற ஆட்டோக்கள் நின்று வேடிக்கை பார்த்தன.

"க்யா ஹோ ரஹா ஹை, பாய்? சினிமாவா?" என்றான் ஓர் ஆட்டோக்காரன்.

"இல்ல, ஒனக்குப் பொண்ணு பாக்குறோம். கடைசில போய் நில்லு," என்றாள் ருக்கு.

அருண்பிரசாத் நடந்துகொண்டே எண்ணினார். ஒவ்வொருவராகத் தங்கள் பேரைச் சொன்னார்கள். பாதி வரிசையில் பக்தவத்சலம் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார்.

"சார், இவங்க எல்லாம் கீழ் பஸ்தி ஆளுங்க. கூட்டம் சேத்திருக்கா."

"அப்படியா? அப்ப ரூமுக்குள்ளயும் போய்ப் பார்த்துடலாமா, பக்தவத்சலம் சார்? எத்தனை ரூம் இருக்கு உங்களுக்கு?"

அவர் ஹெல்மெட்டைத் துடைத்தார்.

கணக்கு முடிந்தது. நூற்று ஐம்பத்தொன்று.

"நூத்தி அறுபத்து மூணுன்னு சொன்னீங்களே அம்மா."

ரெங்கம்மா மேலே பார்த்தாள். கடைசி இரண்டு கதவுகளும் சாத்தியிருந்தன. அவர்கள் உள்ளே இருக்கிறார்கள் என்று அவள் சொல்லியிருக்கலாம். பக்தவத்சலம் பக்கத்தில் நின்றார். பன்னிரண்டு பேரின் கூலி அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது.

"பார்த்ததை எழுதுங்க சாப்," என்றாள்.

நூற்று ஐம்பத்தொன்று என்று எழுதிக்கொண்டு போனார். அடுத்த வாரத்திலிருந்து மூன்று நாளைக்கு இரண்டு டேங்கர்.

இரண்டு டேங்கர் வந்த முதல் நாளில் முப்பத்தொன்றாவது அறை வரை தண்ணீர் போயிருக்க வேண்டும். ஆனால் நாகராஜ் ஆட்கள் வாளியோடு வந்து நின்றதும் வரிசை கொதித்தது.

"பெரட்டுக்கு வராத தொரைங்களுக்குத் தண்ணி எதுக்கு?" என்று முதல் குரல் ருக்குவிடமிருந்து வந்தது. "இது எங்க தலைக்கு வந்த தண்ணி."

நாகராஜ் வாளியைக் கீழே வைத்தான். திரும்பிப் போகவும் முடியாமல் நின்றான்.

"நான் நாலு பேர ஒளிச்சு வச்சிருந்தப்ப நீங்க எனக்குக் கொடுத்தீங்கதானே?" என்றாள் ரெங்கம்மா. "அது யாரு தலைக்கு வந்ததுன்னு நீதான கேட்ட ருக்கு? அவனும் குடிக்கத்தான் செய்வான். வாளியப் புடி தம்பி. ஆனா சும்மா இல்ல. பன்னெண்டு பேரையும் சொல்லு. ஓனருக்குத் தெரியாம நான் கொண்டுபோய்க் குடுக்குறேன்."

அவன் சொன்னான். ராஜகுமாரி ரேஷன் பையின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள். மறுநாள் இரவு அருண்பிரசாத் வந்து பார்த்துவிட்டுப் போனதும் ரிஜிஸ்டர் நூற்று அறுபத்து மூன்று ஆனது.

பக்தவத்சலம் சொன்ன சொல் மாறாதவர். மாதக் கடைசியில் ரெங்கம்மாவின் பூட்டுக்கு மேல் தன் பூட்டை மாட்டினார். ருக்குவும் இன்னும் சில பெண்களும் அவர் வீட்டு வாசலில் போய்ச் சத்தம் போட்டார்கள். அறைக்குக் காத்திருப்பவர்கள் ஊரில் ஏராளம் என்று அவருக்குத் தெரியும். சாமான்களை எடுக்க மட்டும் பூட்டைத் திறந்துவிட்டார். மருமகனும் ராஜகுமாரியும் சாமான்களை ஓர் ஆட்டோவில் ஏற்றினார்கள். லம்பா லைன் என்ற பகுதியில் ஒரு வீட்டின் பின்கட்டில் ஒரு அறை கிடைத்தது. இரண்டு பஸ் மாறி வேலைக்கு வர வேண்டும்.

அவள் போராடிப் பெற்ற தண்ணீர் அவளுக்கு இல்லை என்று ஆயிற்று. இதைச் சொல்லி அழுத ருக்குவிடம், "ஒம் புள்ளைக்கு இருக்குல்ல, போ," என்றாள். இதைத் தியாகம் என்று புகழ்ந்து மாலை போட்டுவிட்டு நகர்ந்துவிடுவது சுலபம். அவளுக்கு நேர்ந்தது அநியாயம். அந்தச் சொல்லை வேறு நல்ல சொல்லால் மூடக் கூடாது.

மார்ச் முதல் வாரத்தில், வேலைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, அவள் மறுபடி தண்ணீர் ஆபீஸில் போய் நின்றாள். அருண்பிரசாத் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்தார்.

"இன்னும் ஏறிடுச்சா? இப்ப எத்தனை?"

"கொறைஞ்சிருக்கு சாப். அஞ்சு பேரு."

"குறைஞ்சதா? யாரு?"

"ஆறாம் நம்பரு ரூமு. நானு, மக, மருமகன், ரெண்டு புள்ளைங்க. லம்பா லைனுக்குப் போயிட்டோம். இப்ப நூத்தி அம்பத்தெட்டு."

"இதைச் சொல்லவா வந்தீங்க?"

"நூறு லிட்டரு சாப், ஒரு நாளைக்கு. எங்கயாச்சும் கொறையுதுன்னு சொன்னீங்களே, அங்க குடுங்க. அந்த ரூமுக்குப் புது ஆளு வந்தா ருக்கு வந்து சொல்லுவா. சொல்லிவச்சிருக்கேன்."

அருண்பிரசாத் ரிஜிஸ்டரைத் திறந்தார். பழைய எண்ணிக்கைக்கு ஒரு கட்டம், கூடுதலுக்கு ஒரு கட்டம், மொத்தத்துக்கு ஒரு கட்டம். குறைவை எழுத இடமே இல்லை. அச்சடித்தவர்களுக்கு அப்படி ஒருவர் வந்து நிற்பார் என்று தோன்றியிருக்கவில்லை. பக்கத்து மேசையிலிருந்து ஸ்கேலை வாங்கி, பக்கத்தின் ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தார். அதில் ஐந்து என்று எழுதினார்.

"சரி. லம்பா லைன் வீட்டுல எத்தனை பேரு, தண்ணி எப்படி?"

ரெங்கம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"முன்கட்டுல ஏழு பேரு. ஓனரு நாலுன்னு எழுதி வச்சிருக்காரு," என்றாள்.